பெர்சி சொன்ன இன்சூரன்ஸ்

ஃப்ளீட்வுட்
12 நவம்பர் 2018

அன்புள்ள லெஸ்லி அண்ணனுக்கு, தங்கை ஹில்டா எழுதுவது.

நான் நலம். நீயும் மாவிஸ் அண்ணியும் நலம்தானே? உன் முழங்காலைப் பற்றிப் போன கிறிஸ்துமஸ் அட்டையில் கேட்டிருந்தேன். பதில் இல்லாததால் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. போனை எடுத்தால் தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ பேசுவதுபோல இருக்கிறது. அதனால்தான் கடிதம். பத்து வயதில் நெஞ்சு நோய் என்று சானடோரியத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள், ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. உனக்குத் தெரியாததல்ல. பிழை இருந்தால் தாண்டிப் படி.

கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர நாம் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் பதின்மூன்று வருடம் ஆகிறது. அதைப் பற்றி எழுத வரவில்லை.

கடன் அட்டையோடு சேர்த்து வங்கிக்காரர்கள் விற்ற இன்சூரன்ஸ் உனக்கு நினைவிருக்கும். வேலை போனாலோ உடம்பு படுத்தாலோ அட்டைத் தவணையை அவர்களே கட்டிவிடுவதாகச் சொல்லி மாதாமாதம் பிடித்துக்கொண்டார்களே, அது. பயன்படாதவர்கள் தலையிலும் அதைக் கட்டிவிட்டார்கள் என்று இப்போது டெலிவிஷனில் ஓயாமல் சொல்கிறார்கள். முறையிட அடுத்த வருடம் ஆகஸ்ட் இருபத்தொன்பது கடைசி நாள். இறந்தவர்களுக்காக வீட்டார் கேட்கலாமாம். நான் பெர்சிக்காகக் கேட்கப் போகிறேன்.

பணத்துக்காக இல்லை. அவர் மீன்பிடிக்கப் போய்வந்த படகை உடைத்த வருடம் உன்னிடம் ஆயிரத்து இருநூறு பவுண்டு கைமாற்று வாங்கினார். இன்சூரன்ஸ் வரும்வரை அட்டைத் தவணை தவறாமல் இருக்க வேண்டும், வந்ததும் தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினார். அது வரவே இல்லை. வீட்டை விற்று, அடமானம் போக மிஞ்சியதில் அட்டைக் கடனை அடைத்தோம். உன் பணம் நின்றுபோனது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோது நீ எழுந்து நின்று, "இன்சூரன்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் பேங்க்லயே போய்க் கேட்டுட்டேன். மாப்பிள்ளை விண்ணப்பமே போடல. பொய் சொல்லிக் காசு வாங்கிருக்கான்" என்று சொன்னாய். அவர் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில், சந்தைக் கூடத்தில் வங்கி போட்டிருந்த ஒரே மேசையில்தான் அந்த அட்டைக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். அங்கே என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதி அனுப்பு. தபால் நிலையத்துக்கு மேலே இலவச ஆலோசனை சொல்லும் மிஸஸ் ஹெஸ்கெத், கூட இருந்தவர் சொல்லுக்கு எடை உண்டு என்கிறார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.
ஹில்டா


பெய்ன்டன், டெவன்
9 டிசம்பர் 2018

அன்புள்ள ஹில்டாவுக்கு, லெஸ்லி.

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முழங்கால் தேறவில்லை, அறுவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மாவிசுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பிஸ்கட்டை ஒளித்துவைத்தால்.

நீ கேட்டது இருபது வருடத்துக் கதை. அன்றைக்கு யார் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. பஸ் டிப்போவில் ஆள் குறைத்தபோது என் இன்சூரன்ஸ் கொடுத்தது. ஏழு மாதம் ஒழுங்காகக் கட்டினார்கள். அதே மேசை, அதே காகிதம். என்னைப் பார்த்து வங்கி ஏமாற்றியது என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

போனவரைப் போனவராக விடு. குளிருக்கு வீட்டைச் சூடாக வைத்துக்கொள். உள்ளே இருபது பவுண்டு வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.
லெஸ்லி


ஃப்ளீட்வுட்
14 ஜனவரி 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அறுவைக்குத் தேதி கிடைத்ததா? வீடு சூடாகவே இருக்கிறது. இருபது பவுண்டு இதோடு திரும்பி வருகிறது. தவறாக எண்ணாதே.

காகிதம் ஒன்றுதான். வேலை ஒன்றில்லை. உனக்கு வெள்ளிக்கிழமைதோறும் சம்பளச் சீட்டு வந்தது. பெர்சிக்கு ஒருநாளும் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் எண்ணெய்க் காசு, ஐஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் கழித்து, படகுக்குப் பாதி போக, மிஞ்சியதை ஆட்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மீன் இல்லாத நடைக்குப் பங்கும் இல்லை. சில நடைக்கு இவர்தான் படகுக்குப் பாக்கி. சட்டத்தின் கண்ணில் பங்குக்குப் போகிறவர் யாரிடமும் வேலை பார்ப்பவர் அல்ல, சொந்தத் தொழில் செய்கிறவர். சொந்தத் தொழில்காரருக்கு வேலை போனால் அந்த இன்சூரன்ஸ் ஒரு காசு தராது. உள்ளே சின்ன எழுத்தில் இருக்கிறது என்று மிஸஸ் ஹெஸ்கெத் காட்டினார். முதல் நாளிலிருந்தே அது அவருக்கு உதவாத சரக்கு. ஆனாலும் மாதாமாதம் பிடித்தார்கள்.

இது எனக்கும் தெரியாது. போன கோடையில் பஸ் நிறுத்தத்தில் கேப்டன் டாக்கின்சைப் பார்த்தேன். அவராகவே சொன்னார். படகை உடைத்த வாரம் பெர்சி ஒரு விண்ணப்பத்தோடு அவரிடம் போயிருக்கிறார். 'முதலாளி கையொப்பமும் முத்திரையும்' என்று ஓர் இடம் அதில் காலியாக இருந்ததாம். டாக்கின்ஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் எப்படிடா இதுல கையெழுத்துப் போடுவேன்? நானும் பங்கு, நீயும் பங்கு. கேப்டன்னு தொப்பி மாட்டிக்கிட்டா உனக்கு முதலாளி ஆயிடுவேனா? அப்படின்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன் ஹில்டா. அவன் மடிச்சுப் பைல வச்சுக்கிட்டான். முப்பது வருஷம் ஓடி ஓடி உழைச்சேன், இப்பப் பாத்தா யார்கிட்டயுமே வேலை பாக்கலையாம்னான். வீட்ல சொல்லிடாதன்னான்."

நீ வங்கியில் விசாரித்தது சரிதான். விண்ணப்பம் அங்கே போகவில்லை. போட முடியாததால் போகவில்லை.

எழுதி அனுப்பு அண்ணா.
ஹில்டா


ஃப்ளீட்வுட்
21 மார்ச் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜனவரியில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

வங்கியிலிருந்து பதில் வந்துவிட்டது. எழுதியவருக்கு என் மேல் நிரம்ப மரியாதை. பெர்சி மறைவுக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். பிறகு, தவறாக விற்கவில்லை என்கிறார். 'சம்பள வேலையில் இருக்கிறார்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறது, கீழே பெர்சி கையெழுத்து இருக்கிறது, நகலும் வைத்திருக்கிறார்கள். அவர் கையெழுத்துதான். கடலில் இருந்து வந்த கை, கோடு தாண்டி ஓடும்.

ஆனால் இன்னொன்று தருகிறார்களாம். நாம் கட்டிய இன்சூரன்ஸ் பணத்தில் நூற்றுக்கு அறுபத்தேழை வங்கியே கமிஷனாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் கடன் சட்டம் என்று ஒன்று. கடன் கொடுத்தவன் வாங்கினவனிடம் நியாயமாக நடந்தானா என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறதாம். பாதிக்கு மேல் கமிஷன் எடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை என்று ஆகிவிட்டது. அதனால் பாதிக்கு மேற்பட்ட அந்தப் பதினேழை வட்டியோடு தருகிறார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் பவுண்டு. கீழே கையெழுத்துப் போடச் சொல்லிக் கோடு போட்டிருக்கிறார்கள்.

நான் போடவில்லை. மிஸஸ் ஹெஸ்கெத், "இதை வாங்கிக்கிட்டே அடுத்ததுக்கும் போகலாம்மா, ஒண்ணும் குத்தமில்ல" என்றார். அவருக்குப் புரியவில்லை. வங்கி தன் கமிஷனைச் சொல்லவில்லை என்பதற்கு அந்தப் பணம். பெர்சி பொய் சொல்லவில்லை என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது.

குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதியாயிற்று. வங்கி சொன்னதை அவர்கள் மறுபடி பார்ப்பார்கள். நடுவில், முறையீட்டை நடத்தித் தருகிறோம், வந்ததில் நூற்றுக்கு இருபதும் வரியும் கொடுங்கள் என்று கடிதம் போட்டுவிட்டு ஒரு கம்பெனிக்காரன் தினம் போனும் செய்கிறான். எனக்குக் கேட்காது. அவன் கத்திக்கொண்டே இருப்பான், நான் பாத்திரம் துடைப்பேன்.

குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலும் கேட்டார்கள், கூட யாராவது இருந்தார்களா என்று.
ஹில்டா


பெய்ன்டன்
16 ஏப்ரல் 2019

அன்புள்ள ஹில்டாவுக்கு, மாவிஸ் எழுதுகிறேன்.

நலமா? உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. தபால்காரன் மேல் பழி வேண்டாம். உன் அண்ணன் படித்தார். படித்துவிட்டுக் காரேஜுக்குப் போனார். எங்களுக்குக் கார் இல்லை, விற்று நான்கு வருடம் ஆகிறது. அங்கே என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால், திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "அவ என்ன கேக்கறா, ஒரு காகிதம்தானே" என்றேன். "அவ என்னக் கூண்டுல ஏத்தப் பாக்கறா" என்றார். "கூண்டும் இல்ல, கோர்ட்டும் இல்ல. நடந்ததை எழுதுங்க. நீங்க என்ன பெரிய துரையா, எழுதினா குறைஞ்சு போறதுக்கு" என்றேன். அந்த மேசையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் நடக்கல" என்றார். நான் ஒரு தடவைதான் கேட்டேன். அவர் சாப்பிடும்போது ஒரு தடவை, தட்டைக் கழுவும்போது ஒரு தடவை, அதையே மறுபடி சொன்னார்.

அடுத்த மாதம் முழங்கால் அறுவை. டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இப்போதைக்கு இதை விட்டுவிடு. நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

உன் காதுக்குக் கருவி வைக்கலாமே. இலவசமாகத்தான் தருகிறார்கள்.
மாவிஸ்


ஃப்ளீட்வுட்
2 மே 2019

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கருவி வைத்துப் பார்த்தேன், கடற்பறவை சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. கழற்றிவிட்டேன்.

சரி. அண்ணனுக்கு இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். ஆனால் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் கூட இருந்தவர் பெயரும் முகவரியும் கேட்டார்கள். கேட்டதற்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் எழுதினால் பதில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம். போடாவிட்டால் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்களாம்.

அறுவை நல்லபடியாக முடியட்டும்.
ஹில்டா


பெய்ன்டன்
19 ஜூலை 2019

அன்புள்ள ஹில்டாவுக்கு,

அறுவை முடிந்தது. ஒரு கம்போடு கடற்கரை வரை நடக்கிறேன். நேற்று மாவிஸ் கையிலிருந்த பொட்டலத்தில் ஒரு கடற்பறவை பாய்ந்து மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சிப்ஸை விட்டுவிட்டது. இங்கே விற்கும் மீன் அதற்குப் பிடித்திருப்பதே ஆச்சரியம். தக்காளி காய்த்திருக்கிறது. வெயில் அதிகம்.

ஃப்ளீட்வுட்டில் மழையா?
லெஸ்லி


ஃப்ளீட்வுட்
29 ஆகஸ்ட் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

நடப்பது அறிந்து மகிழ்ச்சி. மழைதான். நான் நலம்.

இன்றைக்குக் கடைசி நாள் என்று காலையிலிருந்து டெலிவிஷனில் சொல்கிறார்கள். மதியம் ஹாடக் வாங்கி வந்தேன், ஐஸ்லாந்து மீன். இந்த ஊர்க் கடையில் ஐஸ்லாந்து மீன். பொரித்துச் சாப்பிட்டேன்.

நம் படகை உடைத்த அன்று நீ ஊரில் இல்லை. கடலில் மீன் குறைந்துவிட்டதென்று அரசாங்கம் படகின் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்து உடைக்கச் சொன்னது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. கரைக்கு இழுத்துவைத்து இயந்திரக் கையால் கடித்தார்கள். பெர்சி சுக்கான் அறை விழும்வரை நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தார். இரண்டு பேருக்கு வேண்டியதைவிட மிக அதிகமாக உரித்துவிட்டார். நான் எல்லாவற்றையும் வேகவைத்தேன்.

ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. தக்காளிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றாதே.
ஹில்டா


ஃப்ளீட்வுட்
18 நவம்பர் 2019

அன்புள்ள அண்ணனுக்கு, ஹில்டா எழுதுவது.

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

குறைதீர்ப்பாளர் முடிவு வந்துவிட்டது. பெயர்களைப் போடாமல் முதலெழுத்தைத்தான் போடுகிறார்கள். பெர்சி அதில் 'திரு. வி'. நீ 'திரு. பா'. நான் மெதுவாகத்தான் படிப்பேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு மிஸஸ் ஹெஸ்கெத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அவர்களுக்கு எழுதியது எனக்குத் தெரியாது. அதில் இருக்கிற வரிகளை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'அட்டை விற்ற பெண், திரு. வி வேலையில் இருக்கிறாரா என்று கேட்டதாகவும், அதற்கு அவர், "வேலைதான்மா. ஆனா சம்பளம் கிடையாது, நான் பங்குக்குப் போறவன். அது பரவால்லியா?" என்று கேட்டதாகவும் திரு. பா கூறுகிறார். "எல்லாம் ஒண்ணுதாங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று அந்தப் பெண் குறியிட்டுக் கொடுத்ததைத் தாம் பக்கத்தில் நின்று பார்த்ததாகவும், அதைத் தெளிவாகக் கேட்டதாகவும் கூறுகிறார். இதை நம்பாதிருக்க எமக்குக் காரணம் இல்லை. திரு. வி தம் நிலையை உண்மையாகச் சொல்லியிருக்கிறார். தமக்குப் பயன்படாத காப்பீடு அவருக்கு விற்கப்பட்டது. தமக்குப் பணம் கிடைக்கும் என்று அவர் நம்பியது நியாயமானதே.'

உண்மையாகச் சொல்லியிருக்கிறார். அச்சில் இருக்கிறது.

அதற்கும் கீழே ஒரு வரி: 'நாங்கள் கேட்காத வேறொன்றையும் திரு. பா தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அது இந்த முறையீட்டோடு தொடர்பில்லாதது என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.'

கேட்டால் அந்தக் கடிதத்தைக் காட்டுவார்களா என்று மிஸஸ் ஹெஸ்கெத் விசாரிக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் கேட்கப் போவதில்லை.

கட்டிய இன்சூரன்ஸ் முழுவதும், அதன் மேல் அட்டை போட்ட வட்டி, இத்தனை வருடத்துக்கு உண்டான வட்டி என்று மூவாயிரத்து நானூறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து என் கணக்கில் கிடக்கிறது. சந்தோஷமா என்று எதிர் வீட்டுக்காரி கேட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பினதுபோல இருக்கிறது.

இதோடு ஆயிரத்து இருநூறு பவுண்டுக்குச் செக் வைத்திருக்கிறேன். இது என் பணம் இல்லை. இன்சூரன்ஸ் வந்ததும் தருகிறேன் என்று அவர் சொன்னார். வந்துவிட்டது. உன் இருபது பவுண்டை நான் திருப்பியதுபோல நீ இதைத் திருப்பி அனுப்பக் கூடாது. கிழிக்கவும் கூடாது. நீ வாங்கிக்கொள்ளாவிட்டால் அவர் தரவில்லை என்றுதான் ஆகும்.

வங்கியில் போடு அண்ணா.
ஹில்டா


பெய்ன்டன்
3 டிசம்பர் 2019

அன்புள்ள ஹில்டாவுக்கு, லெஸ்லி.

நாங்கள் நலம். போன செவ்வாய்க்கிழமை செக்கைப் போட்டேன். நேற்றுப் பணம் ஏறிவிட்டது. மாவிஸ் கூட வந்தாள்.

வேறு எழுத எனக்கு வரவில்லை. எழுத வேண்டியதை எழுதும் இடத்தில் எழுதிவிட்டேன்.

ரசீது கீழே. அவர் காகிதங்களோடு வை.

லெஸ்லி

*ஃப்ளீட்வுட் பெர்சி விக்னல் அவர்களுக்கு 2003ஆம் ஆண்டு நான் கைமாற்றாகக் கொடுத்த ஆயிரத்து இருநூறு பவுண்டை, அவர் சொன்னபடியே, இன்சூரன்ஸ் பணம் வந்ததும் அவரிடமிருந்து முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்.*

*லெஸ்லி பாம்பர்*
*சாட்சி: மாவிஸ் பாம்பர்*